48 முட்டை, 13 குஞ்சு: கோப்பாய் இன்கியுபேற்றரில் நடந்தது என்ன?

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் ஒரு ரீச்சர் வீட்டில், 2025 பெப்ரவரி கடைசிக் கிழமை, 48 ஊர்க்கோழி முட்டைகள் இன்கியுபேற்றரில், அதாவது கரண்டில் சூடாக்கி முட்டை பொரிக்க வைக்கும் பெட்டியில், வைக்கப்பட்டன. 21 நாள் முடிந்து வெளியே வந்தவை 13 குஞ்சுகள். 21 முட்டைகள் கடைசிவரை உள்ளே இருந்தும் பொரிக்கவில்லை. கோழி வளர்ப்பில் பைத்தியம் பிடித்த நாங்கள் ஐந்தாறு பேர் வலிகாமத்திலும் தென்மராட்சியிலுமாக இருக்கிறோம். பொரிக்காத முட்டைகளை எறிய வேண்டாம் என்று ரீச்சரிடம் சொல்லிவிட்டு, ஞாயிறு காலை அவர் வீட்டு மாமரத்தடியில் கூடினோம். அன்று உடைத்துப் பார்த்ததும், அதிலிருந்து போட்ட கணக்கும், அடுத்த வைப்பில் கிடைத்த முடிவும்தான் இந்த ஆய்வு. யாழ்ப்பாணத்தில் இதே விதமான தோல்வி பல வீடுகளில் நடக்கிறது. பழி மட்டும் சேவலுக்கும் கரண்ட் வெட்டுக்கும் இடிமுழக்கத்துக்கும் மாறி மாறிப் போகிறது.

பெட்டியும் கொப்பியும்

பெட்டி சீனாவில் செய்தது, விசிறி உள்ள வகை. முட்டைத்தட்டு தானாகவே 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை சாயும். முகப்பில் வெப்பநிலையும் ஈரப்பதனும் காட்டும் சின்னத்திரை, அடியில் தண்ணீர் விட இரண்டு வாய்க்கால், மூடியில் ஒரு காற்றுத்துவாரம். கூட வந்த துண்டுப்பிரசுரம் 37.5 பாகை வெப்பம், 55 முதல் 60 வீத ஈரப்பதன், கடைசி மூன்று நாளும் 70 வீதம் என்று சொல்கிறது. ரீச்சர் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். காலையும் மாலையும் இரண்டு எண்களையும் கொப்பியில் எழுதி வைத்திருந்தார். வெப்பம் ஒருநாள்கூட 37.4க்குக் கீழேயோ 37.8க்கு மேலேயோ போகவில்லை. ஈரப்பதன் 58, 59, 60. சொன்ன சொல் தவறாத கொப்பி.

ஏழாம் நாள் இரவு முட்டைகளுக்கு ரோச் வெளிச்சம் பிடித்து உள்ளே பார்த்தபோது 7 முட்டைகளில் மஞ்சட்கருவின் நிழலைத் தவிர வேறொன்றுமில்லை. 4 முட்டைகளில் இரத்த வளையம். முளையம் (முட்டைக்குள் வளரும் கரு) இரண்டு மூன்று நாள் வளர்ந்துவிட்டு இறந்தால் இரத்தம் ஓரத்துக்கு ஒதுங்கிச் சிவப்பு வட்டமாக நிற்கும்; ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். அந்த 11 முட்டைகளும் எடுபட்டன. பதினெட்டாம் நாளுக்கிடையில் இன்னும் 3 போயின. மிஞ்சிய 34 முட்டைகள் சாய்க்கும் தட்டிலிருந்து இறக்கப்பட்டு, பொரிக்கும் கட்டத்துக்கு வைக்கப்பட்டன. வெறுமையாக இருந்த 7 முட்டைகளும் கருக்கட்டாதவை என்று எடுத்தால், கருக்கட்டிய 41க்கு 13 குஞ்சு. 32 வீதம். அடைக்கோழி 12 முட்டையில் 10 பொரித்தால் எங்கள் வீடுகளில் அதை யாரும் ஒரு கதையாகவே சொல்வதில்லை.

கொப்பியைவிடப் பெறுமதியான பதிவு கோதுகளின் மேலேயே இருந்தது. ரோச் பிடித்துப் பார்த்த ஒவ்வொரு முறையும் காற்றறையின் விளிம்பை ரீச்சர் பென்சிலால் வரைந்து நாளையும் குறித்திருக்கிறார். முட்டையின் மொத்த முனையில் உள்ள அந்த வெற்றிடம், கோதின் நுண்துளைகள் வழியாக நீர் ஆவியாக ஆவியாகப் பெரிதாகும். 7, 14, 18 என்று மூன்று கோடுகள். சாவகச்சேரியிலிருந்து வந்த அண்ணை ஒரு முட்டையைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ரீச்சர், உந்த மூண்டு கோடும் ஏன் இவ்வளவு கிட்டக் கிட்டக் கிடக்கு?”

அந்தக் கேள்விக்கு உடனே மறுமொழி கிடைக்கவில்லை.

முதலில் சந்தேகிக்கப்பட்டவர்கள்

கரண்ட். வைப்பின் நடுவில் ஒரு பின்னேரம் இரண்டு மணித்தியாலம் கரண்ட் நின்றிருந்தது. அக்கம்பக்கத்தார் தீர்ப்பு அதோடு முடிந்துவிட்டது. எங்களுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. அடைக்கோழி ஒவ்வொரு நாளும் தீன் தின்னவும் மண் குளிக்கவும் இறங்கிப் போகிறது, முட்டை ஆறுகிறது, ஒன்றும் நடப்பதில்லை. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் இல்லாதபோது, எங்கள் கூட்டத்து மானிப்பாய் அக்கா சுடுதண்ணீர்ப் போத்தல்களைப் பெட்டிக்குள் மாற்றி மாற்றி வைத்துக் குஞ்சு எடுத்திருக்கிறார். இந்த வைப்புக்குச் சில நாள் முன்னர், பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு போய் மோத இலங்கை முழுவதும் இருண்டதே, அன்று எங்களில் இளையவனான கைதடித் தம்பியின் பெட்டியிலும் முட்டைகள் இருந்தன. மூடியைத் திறக்காமல் ஒரு போர்வையைப் போர்த்துவிட்டு இருந்தான். பொரிப்பில் குறைவேதும் தெரியவில்லை. அரைவாசி நாள் தாண்டிய முளையம் தானே கொஞ்சம் சூட்டை உண்டாக்கும். இந்த வயதில் சில மணிநேரக் குளிர் தாங்கும். தாங்காதது அதிகச் சூடுதான்.

வெப்பநிலை. சின்னத்திரை சொல்வதை நம்பலாமா? காய்ச்சல் பார்க்கிற வெப்பமானியை முட்டைகளுக்கு நடுவே படுக்க வைத்துப் பார்த்தோம்: 37.6. திரையில் 37.5. குற்றமில்லை. (காய்ச்சல் வெப்பமானி 35க்கும் 42க்கும் இடையில்தான் வேலை செய்யும், அந்த இடைவெளியில் நல்ல நுணுக்கம். இன்கியுபேற்றருக்கு அதைவிட மலிவான நீதவான் கிடையாது.) கைதடித் தம்பி ரிஜிபோமில் (தெர்மோகோலில்) தானே செய்த பெட்டியாக இருந்திருந்தால் இந்தச் சந்தேகம் நியாயம். அவன் பூட்டியிருப்பது டபிள்யூ 1209 என்ற, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் சின்ன மின்சுற்றுப் பலகை. அது கடையிலிருந்து வரும்போது 2 பாகை இடைவெளியில் இயங்கும்படி வரும், 37.5இல் நின்று 35.5இல்தான் திரும்ப எரியத் தொடங்கும். அதை 0.2க்கு மாற்றாமல் முட்டை வைத்துவிட்டு, குஞ்சு இரண்டு நாள் பிந்துகிறது என்று அழுகிறவர்கள் பலர்.

சேவல். பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் போதும் என்பது பொதுக்கணக்கு. 48இல் 7 வெறுமை என்றால் சேவல்கள் தங்கள் வேலையைச் செய்திருக்கின்றன.

இடிமுழக்கம். அந்தக் கிழமைகளில் இடியே இல்லை. ஆனாலும் ரீச்சரின் மாமியார் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரித்துண்டும் இரும்பு ஆணியும் வைத்திருந்தார். இடி முட்டையைக் கெடுக்காமல் இருக்க அடைச்சட்டிக்குள் வைக்கிற பழக்கம் இப்போது மெசினுக்கும் வந்திருக்கிறது. நாங்கள் எடுக்கச் சொல்லவில்லை.

மாமரத்தடியில்

அழுகிய முட்டை வெடித்தால் அன்று சாப்பிட முடியாது. கையுறை, முகக்கவசம், பழைய பேப்பர், ஒரு வாளி சாம்பல் எல்லாம் வைத்துக்கொண்டு, மொத்த முனையிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தோம். திறக்கிறவர் பார்த்ததைச் சொல்ல, ரீச்சர் எழுதினார். இந்த வேலையை அருவருப்பால் தவிர்க்கிறவர்கள்தான் அதிகம். பொரித்த குஞ்சு சொல்லாததைப் பொரிக்காத முட்டை சொல்லும் என்பதால் நான் இதைத் தவறவிடுவதில்லை.

முதல் முட்டையிலேயே விடயம் பாதி வெளித்துவிட்டது. முழுதாக வளர்ந்த குஞ்சு. இறகுத்தும்பு, நகம், சொண்டு நுனியில் கோது உடைக்கிற சிறு முள், எல்லாம் இருந்தன. மஞ்சட்கரு ஏறக்குறைய முழுவதும் வயிற்றுக்குள் போயிருந்தது. ஆனால் குஞ்சு தெப்பமாக நனைந்திருந்தது. சாய்த்ததும் கோதுக்குள் இருந்து நீர் வடிந்தது. காற்றறை ஒரு பத்து ரூபாய்க் குற்றி அளவுக்கு ஒடுங்கிக் கிடந்தது. சொண்டு அந்தக் காற்றறைச் சவ்வைத் துளைக்கவே இல்லை.

இரண்டாவதும் அப்படி. மூன்றாவது வேறுமாதிரி: தலை ஒடுங்கிய முனையில். நான்கு, ஐந்து, ஆறு மறுபடி முதலாவதைப் போல.

எல்லாம் முடிய ரீச்சரின் தாளில் இருந்தது இது. நனைந்து, பருத்து, காற்றறையைத் துளைக்காமலோ துளைத்த கையோடோ இறந்தவை 14. தலை ஒடுங்கிய முனையில் இருந்தவை 3. வெளியே கோதைக் கொத்திவிட்டு முடிக்க முடியாமல் போனவை 3. அழுகல் 1.

அந்த அழுகல் முட்டைக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. எச்சம் படிந்த சில முட்டைகளைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவித்தான் வைத்திருக்கிறார்கள். கழுவினால் கோதின் மேலுள்ள மெல்லிய காப்புப்படை போய், ஈரத்தோடு கிருமியும் துளைகளுக்குள் இறங்கும். அழுக்கு முட்டையைக் கறிக்கு எடுப்பதுதான் சரி.

தலை கீழாக இருந்த 3ம் வைத்த விதத்தின் பிழை. ஊர்க்கோழி முட்டைகளில் சில ஏறக்குறைய உருண்டை. எது மொத்த முனை, எது ஒடுங்கிய முனை என்று கண்ணுக்குப் பிடிபடாது. ஒடுங்கிய முனை மேலே இருக்கும்படி தட்டில் நின்றால் குஞ்சு அந்தப் பக்கம் தலையைக் கொண்டுபோகும். அங்கே காற்றறை இல்லை. வைக்குமுன் ரோச் பிடித்துக் காற்றறை எந்தப் பக்கம் என்று பார்த்தால் தீர்ந்தது.

கொத்திவிட்டு நின்ற 3 முட்டைகள் ஒரு தனிச் சண்டையையே கிளப்பின. பக்கத்து வீட்டு அன்ரி பாவம் பார்த்து அவற்றின் கோதை உரித்து விட்டிருக்கிறார். உரித்த இடத்தில் இரத்தம். வெளிக்கோதைக் கொத்திய குஞ்சு 12 மணிநேரம், சிலவேளை 24 மணிநேரம் அசையாமல் கிடக்கும். பார்க்கிறவருக்கு அது சாகிறதாகத் தெரியும். அந்த நேரத்தில்தான் கோதின் உட்பக்க இரத்தநாளங்கள் வற்றுகின்றன, மிச்ச மஞ்சட்கரு தொப்புள் வழியாக உள்ளே இழுபடுகிறது. அதற்குமுன் உரித்தால் இரத்தம் வராமல் என்ன செய்யும்? மானிப்பாய் அக்கா மட்டும் “ஒரு நாள் தாண்டினாப் பிறகு நான் உரிப்பன், சாகிறது எப்பிடியும் சாகத்தானே” என்று தன் நிலையில் நின்றார். அதில் பிழை சொல்ல முடியாது.

ஆனால் கதையின் எடை அந்த 14இல்தான்.

தண்ணீர் எங்கேயிருந்து வந்தது

முட்டை வைத்த நாளிலிருந்து பதினெட்டாம் நாள்வரை தன் நிறையில் ஏறக்குறைய 12 வீதத்தை நீராவியாக இழக்க வேண்டும். ஊர்க்கோழி முட்டை 42 கிராம் என்றால் 5 கிராம் போக வேண்டும். அந்த இழப்பில்தான் காற்றறை விரிகிறது. பத்தொன்பதாம் இருபதாம் நாள்வரை குஞ்சு சுவாசிப்பது கோதுக்கு அடியில் பரந்திருக்கும் இரத்தநாள வலையால். அதன் பிறகு சொண்டால் காற்றறையைக் குத்தி, முதல்முறை நுரையீரலால் மூச்செடுக்கிறது. காற்றறை சிறிதாயும் சுற்றிவர நீராயும் இருந்தால் அந்த முதல் மூச்சு நீருக்குள்தான். 14 குஞ்சுகள் கோதுக்குள்ளேயே தாண்டு போயின.

கொப்பியோ 60 வீதத்தைத் தாண்டவில்லை என்கிறது. அப்போதுதான் ஈரப்பதன்மானியை விசாரிக்க வேண்டி வந்தது. வழி இலேசு. ஒரு போத்தல் மூடியில் கறியுப்பைப் போட்டு, சேறு பதத்துக்குத் தண்ணீர் விட்டு, ஈரப்பதன்மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத ஐஸ்கிறீம் பெட்டிக்குள் மூடி ஓர் இரவு வைக்க வேண்டும். உள்ளே 75 வீதத்தில் நிற்கும். உப்பின் இயல்பு அது. பெட்டியின் உணரியைக் கழற்றி இப்படி வைத்தபோது காலையில் அது காட்டியது 64. அதாவது 11 வீதம் குறைத்துச் சொல்கிற மானி. 59 என்று கொப்பியில் எழுதிய நாளெல்லாம் உண்மையில் 70.

இது மானியின் பிழை மட்டும் என்று விட்டிருந்தால் கதை அரைவாசிதான். கைதடித் தம்பி பொறியியல் படிக்கிறவன். “தண்ணியே விடாட்டி உள்ளுக்கை எவ்வளவு இருக்கும்?” என்று கேட்டுவிட்டு, தாளைத் திருப்பிக் கணக்குப் போடத் தொடங்கினான்.

காற்றைச் சூடாக்கினால் அதிலுள்ள நீராவி குறையாது. அது தாங்கக்கூடிய அளவு கூடும். அதனால் வீதம் இறங்கும். 30 பாகையில் காற்றுத் தாங்கக்கூடிய நீராவியின் அமுக்கம் 42.4 மில்லிபார். 37.5 பாகையில் 64.5. எங்கள் வீட்டுக்குள் 30 பாகை, 75 வீதம் என்பது சாதாரண நாள். 42.4இல் 75 வீதம் 31.8. அதே காற்று பெட்டிக்குள் போய்ச் சூடானால், 64.5க்கு 31.8. வருவது 49 வீதம். ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமலே.

அவன் அதோடு நிற்கவில்லை. மார்கழி வாடைக்காலம், 26 பாகை, 85 வீதம்: பெட்டிக்குள் 44. சித்திரை வெய்யில், 33 பாகை, 65 வீதம்: 51. மழைக்காலத்தில் பெட்டி நனையும், வெய்யிற்காலத்தில் காயும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். கணக்கு அதைத் தலைகீழாக்கியது. அடைமழை நாளில் காற்றுக் குளிர்ந்தும் இருப்பதால் அது சுமக்கும் நீராவி குறைவு. எப்படிப் பார்த்தாலும் யாழ்ப்பாணத்து வீட்டுக் காற்று ஆண்டு முழுக்க 44க்கும் 51க்கும் இடையில் வந்து நிற்கிறது. முட்டை 12 வீதம் இழக்க வேண்டிய ஈரப்பதன் இதே சுற்றுவட்டாரம்தான்.

அப்படியானால் பிரசுரம் ஏன் தண்ணீர் விடச் சொல்கிறது? அதே கணக்கை நுவரெலியாவுக்குப் போட்டோம். 16 பாகை, 80 வீதம்: பெட்டிக்குள் 23 வீதம்தான். குளிர்நாட்டில், சூடேற்றிய அறையில் 20 பாகை, 40 வீதம் என்றால் 15கூட இல்லை. அங்கே வாய்க்காலை நிரப்பாவிட்டால் குஞ்சு சவ்வோடு ஒட்டிக் காய்ந்து சாகும். பிரசுரம் எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் எங்கள் கடலேரிக்காற்றை மனதில் வைத்து எழுதவில்லை. அவ்வளவுதான்.

இங்கே இன்னும் இரண்டு விடயம் சேர்ந்து எரிகிற நெருப்பில் எண்ணெய் விட்டன. பெட்டி நின்றது குசினிக்குப் பக்கத்து ஸ்ரோர் அறையில். சோறு வடிக்கிற ஆவி நேரே அங்கேதான் போகும். மூடியின் காற்றுத்துவாரத்தைச் சூடு போகாமல் இருக்க முக்கால்வாசி அடைத்தும் வைத்திருந்தார்கள். முட்டைகள் விடுகிற நீராவி வெளியேறுவது அந்த வழியால்தான். கடைசி நாட்களில் முளையங்களுக்கு ஒட்சிசன் உள்ளே வருவதும் அதே வழியால்.

சாவகச்சேரி அண்ணை கேட்ட கேள்விக்கு இப்போது எண்ணாலேயே மறுமொழி சொல்லலாம். 50 வீத ஈரப்பதனில் 11, 12 வீதம் நிறை இழக்கிற முட்டை 70 வீதத்தில் 7 வீதம்தான் இழக்கும். கோடுகள் கிட்டக் கிட்டக் கிடந்ததன் பொருள் அது.

“நான் ஈரம் காணாதெண்டு நினைச்சு, சில நாள் ரெண்டு வாய்க்காலும் நிரப்பினனான்,” என்றார் ரீச்சர்.

“புத்தகத்திலை கிடந்ததைத்தானே செய்தனீங்கள்,” என்றார் அண்ணை. “உங்கட மெசினிலை பிழை இல்லை ரீச்சர். தண்ணியை எடுத்துப்போட்டுத் தராசை வையுங்கோ.”

இரத்த வளையங்கள்

நாலு இரத்த வளையமும் பிறகு போன 3ம் ஈரத்தோடு சம்பந்தமில்லாத இழப்பு என்பது என் எண்ணம். 48 முட்டை சேர்க்க மூன்று வீட்டுக் கோழிகள் தேவைப்பட்டன. முதல் முட்டைகள் பத்து நாளுக்கு மேல் குசினி மேசையில் கடகத்துக்குள் இருந்தன. பொரிக்க வைக்கும் முட்டை 15 முதல் 18 பாகையில் இருக்க வேண்டும். அப்போதுதான் முளையம் முழுதாக உறங்கும். 30 பாகையில் அது உறங்கவும் இல்லை, வளரவும் இல்லை. அரைகுறையாக அசைந்து அசைந்து பலம் இழக்கும். வைத்த இரண்டாம் மூன்றாம் நாளிலேயே சாகிறது.

இதற்கு யாழ்ப்பாணத்தில் இலகுவான வழி இல்லை. பிரிட்ஜ் அதிகக் குளிர். ஈரச்சாக்குச் சுற்றிய மண்பானை நல்லது என்று சொல்வார்கள். நாங்கள் வைத்துப் பார்த்தோம். எங்கள் காற்று ஏற்கெனவே ஈரமாயிருப்பதால் பானை மூன்று நாலு பாகைக்கு மேல் இறங்குவதில்லை. மிஞ்சுவது நாளைக் குறைப்பதுதான். 5 நாளில் சேருகிற முட்டையை மட்டும் வைப்பது, பெட்டி முக்கால்வாசி வெறுமையாகக் கிடந்தாலும் பரவாயில்லை என்று விடுவது. 56 முட்டைப் பெட்டி வாங்கியவருக்கு இது வயிற்றெரிச்சலான ஆலோசனை. அதனால் பலர் கேட்பதில்லை.

தூரத்திலிருந்து முட்டை எடுப்பவர்களுக்கு இன்னொன்று: வவுனியாவிலிருந்து பஸ்சில் வந்த முட்டைகளை மானிப்பாய் அக்கா ரோச் பிடித்துப் பார்த்தபோது சிலவற்றில் காற்றறை இடம்பெயர்ந்து உருண்டது. அப்படி வந்ததை ஒடுங்கிய முனை கீழே இருக்க ஒரு நாள் அசையாமல் விட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

இரண்டாவது வைப்பு

ஏப்ரல் முதற்கிழமை ரீச்சர் மறுபடி வைத்தார். இந்த முறை 40 முட்டைகள், எல்லாம் 5 நாளுக்குள் இட்டவை, கழுவாதவை, காற்றறை பார்த்து நிறுத்தியவை. பெட்டி குசினிப் பக்கத்திலிருந்து உள்ளறைக்கு மாறியது. காற்றுத்துவாரம் அரைவாசி திறந்தது. வாய்க்கால் இரண்டும் காய்ந்தபடி. சின்னத்திரை 38, 39, 40 என்று காட்டியது. மானியின் பிழையைக் கூட்டினால் 49 முதல் 51. தம்பியின் கணக்குச் சொன்ன இடம். அவன் அன்றைக்குக் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தான்.

நகைக்கடைகளில் வைத்திருக்கும் சின்ன மின்தராசு ஒன்று கிடைத்தது. கருக்கட்டியதா இல்லையா என்று முதலில் தெரியாது என்பதால் எல்லா முட்டையின் நிறையும் கோதில் எழுதினோம். ஏழாம் நாள் உயிரோடிருந்தவற்றில் 10ஐத் தெரிந்து தொடர்ந்து நிறுத்தோம். வைத்த நாள் பத்தும் சேர்த்து 421 கிராம். 7ஆம் நாள் 403. 14ஆம் நாள் 384. 18ஆம் நாள் 372. இழப்பு 11.6 வீதம். பென்சில் கோடுகளுக்கு நடுவே இந்த முறை விரல் வைக்கலாம்.

எல்லாம் நேராகப் போகவில்லை. சித்திரை வெய்யில், மேலே அஸ்பெஸ்டஸ் சீற். பதினைந்தாம் நாளுக்குப் பிறகு மத்தியானங்களில் அறை 34 பாகை. உள்ளே முப்பதுக்கு மேற்பட்ட குஞ்சுகள் தாங்களாகவே சூடு விடுகின்றன. இந்தப் பெட்டிகளுக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிராக்கத் தெரியாது. பத்தொன்பதாம் நாள் பின்னேரம் வெப்பமூட்டி எரியாமலே திரை 38.6 காட்டியது. ரீச்சர் பதறாமல் பெட்டியை ஓட்டுக்கூரை உள்ள முன்னறைக்கு மாற்றி, துவாரத்தை முழுதாகத் திறந்து, நிலத்துக்குத் தண்ணீர் தெளித்து, மின்விசிறியைப் போட்டார். ஒரு மணிநேரத்தில் இறங்கியது. கடைசி மூன்று நாளுக்கு ஒரு வாய்க்காலில் மட்டும் தண்ணீர். அதுவே பொரிக்கும் கட்டத்துக்குத் தேவையான 65, 70க்குப் போதுமாயிருந்தது. குஞ்சுகள் வெளிவர வெளிவர நனைந்த உடம்புகளாலேயே ஈரம் தானாக ஏறிவிடும். மூடியைத் திறக்காமல் கண்ணாடியால் மட்டும் பார்க்கிறது என்று அன்ரிக்கும் முன்கூட்டியே சொல்லியாயிற்று.

முடிவு: 4 வெறுமை, 2 இரத்த வளையம், நடுவில் 1. கடைசிக் கட்டத்துக்குப் போன 33இல் 28 குஞ்சுகள். கருக்கட்டிய 36க்கு 28, 78 வீதம்.

இங்கே தம்பி ஒரு நியாயமான ஆட்சேபம் எழுப்பினான். “நாலு விசயத்தை ஒரேயடியா மாத்திப்போட்டு, தண்ணிதான் காரணமெண்டு எப்பிடி அண்ணை சொல்லுறது?” அரைவாசியை ஈரத்திலும் அரைவாசியைக் காய்விலும் வைத்துப் பார்த்திருக்கலாம் என்பது அவன் கட்சி. ரீச்சர் அதற்கு ஒப்பவில்லை. சாகும் என்று தெரிந்துகொண்டு இருபது முட்டையை நனைக்க அவருக்கு மனமில்லை. நான் நடுவில் நிற்கிறேன். மொத்த வீதம் 32இலிருந்து 78க்கு ஏறியதை வைத்து ஒன்றையும் நிரூபிக்க முடியாது. ஆனால் இழப்பு எந்த இடத்தில் குறைந்தது என்று பார்க்கலாம். முதல் வைப்பில் கடைசிக் கட்டத்துக்குப் போன 34இல் 14 குஞ்சுகள் நீருக்குள் இறந்தன. இரண்டாவதில் பொரிக்காத 5ஐயும் உடைத்துப் பார்த்தோம்: முழுதாய் வளர்ந்து இறந்தவை 2, தலை மாறியது 1, சொண்டு கோணியது 1, கொத்திவிட்டு நின்றது 1. நீர் வடிந்த முட்டை ஒன்றும் இல்லை. முட்டை சேர்த்த நாளைக் குறைத்தது இரத்த வளையத்தைக் குறைக்கும். குஞ்சின் கழுத்தடியில் தேங்கிய நீரை அது வற்றவைக்காது. முழுதாய் வளர்ந்து இறந்த அந்த 2க்கும் பத்தொன்பதாம் நாள் சூட்டை நான் சந்தேகிக்கிறேன்.

28 குஞ்சுகளும் முதல் கிழமை கடதாசிப் பெட்டிக்குள் 33, 34 பாகையில். சித்திரையில் அதற்குப் பகலில் பல்ப் தேவைப்படவில்லை, இரவில் மட்டும் எரிந்தது. ராணிக்கெட் என்ற கோழி நோய்க்கான தடுப்பு மருந்துக்கு மிருக வைத்தியர் அலுவலகத்தில் பதிந்தாயிற்று. காகத்துக்கும் பிராந்துக்கும் வலை அடித்தாயிற்று. மரநாய்க்கு என்ன செய்வது என்பதில் ஒற்றுமை இல்லை.

சாவகச்சேரி அண்ணை இப்போது தன் பெட்டியிலும் தண்ணீர் விடாமல் 30 முட்டைகள் வைத்திருக்கிறார். அவருடையது விசிறி இல்லாத பழைய பலகைப் பெட்டி. மேலே சூடு, கீழே குளிர் என்று இருக்கும் என்பதால் முட்டையின் மேல்முகத்தில் 38.5 பாகை வைத்து ஓடுகிறது. காற்றோட்டம் குறைந்த பெட்டியில் எங்கள் 49 வீதக் கணக்கு அப்படியே பொருந்த வேண்டும் என்றில்லை. நேற்று ஒன்பதாம் நாள்; நிறுத்துப் பார்த்தபோது இழப்பு 4.6 வீதம். 6 இருக்க வேண்டும். பலகையில் இன்னும் இரண்டு துளை துளைக்கச் சொல்லியிருக்கிறோம், அடுத்த ஞாயிறு மறுபடி நிறுப்போம்.